கூட்டை நெருங்காமல் நாரைக் குஞ்சுகளைப் பார்ப்பது எப்படி: கூந்தன்குளத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி கடைசியில், விடிந்து சற்று நேரத்தில் கூந்தன்குளத்துக்குள் நுழைந்தால் ஊர் முழுக்க ஒரு கரகரப்பு கேட்கும். மரப்பலகையில் அரத்தை இழுப்பதுபோல, விடாமல். அத்தனையும் குஞ்சுகளின் குரல். வளர்ந்த நாரை வாய் திறந்து கத்துவது அரிது, அலகோடு அலகைத் தட்டுவதுதான் அதன் பேச்சு. பசி, சண்டை, பயம் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வது பிள்ளைகள்தான். அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் கூந்தன்குளத்தார் வாசல் தெளிக்கிறார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே 35 கிலோமீட்டர் அளவில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில், நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்களும் சேர்ந்து 1994இல் பறவைகள் சரணாலயம் ஆயின. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆனால் நாரைகள் சரணாலய எல்லைக்குள் நிற்கவில்லை. தெருவோர வேம்பிலும் வீட்டுக் கொல்லைப் புளியமரத்திலும்கூடக் கூடு வைக்கின்றன. இப்படி ஓர் இடத்தில் குஞ்சுகளைப் பார்க்கப் போகிறவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதே முறை வேடந்தாங்கலுக்கும் வேட்டங்குடிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளையாக, உயரமாக நின்றால் எல்லாமே கொக்கு என்று சொல்வது நம் வழக்கம். பறக்கும்போது பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நாரை கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும்.

கூந்தன்குளத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது சங்குவளை நாரை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். முனையில் லேசாக வளைந்த நீண்ட மஞ்சள் அலகு, மயிரில்லாத ஆரஞ்சு நிறத் தலை, மார்புக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, முதுகுப் பக்கம் மடிந்து கிடக்கும் ரோஜா நிற இறகுகள். ஊரில் பலர் இதைச் செங்கால் நாரை என்றே சொல்வார்கள். கால் இளஞ்சிவப்பாக இருப்பதால் அதில் தப்பும் இல்லை. ஆனால் சத்திமுத்தப் புலவர் தன் மனைவிக்குத் தூது அனுப்பிய செங்கால் நாரை வேறு பறவை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பனங்கிழங்கைப் பிளந்ததுபோன்ற பவள நிறக் கூர்வாய் என்கிறார் அவர். குமரியில் நீராடிவிட்டு வடக்கே போகிறவர்களாயின் என்கிறார். சிவந்த அலகு, சிவந்த கால், வடதிசைப் பயணம் மூன்றும் சேர்ந்தால் அது குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்து போகும் வெண்ணாரை. அதன் கூடும் குஞ்சும் நம் நாட்டில் இல்லை, நடு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. குளிரில் உடம்பைப் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் கையால் மெய்யைப் பொத்திக் கிடந்த மனிதர், ஒரு பறவையின் அலகு நிறத்தை இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார். நாரை பார்க்கக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்தப் பாட்டைவிட நல்ல முதல் பாடத்தை நான் கண்டதில்லை.

இன்னொன்று நத்தைகுத்தி நாரை. வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வயது ஏற ஏறத்தான் உண்டாகும். அதனால் சாம்பல் உடம்பும் நேரான அலகுமாக ஓர் இளம்பறவை நத்தைகுத்திகளோடு நின்றால், வேறு இனம் என்று குறித்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: காலத்தைக் கணக்கிடுங்கள்

நாரை பஞ்சாங்கம் பார்ப்பது மீனை வைத்துத்தான். மழையில் குளம் நிரம்பி, மீன் பெருகி, குஞ்சுக்கு ஊட்டும் அளவுக்குக் கிடைக்கும் என்ற நிலை வந்த பிறகே கூடு கட்டும். அதனால் ஒரே இனம் ஊருக்கு ஊர் வெவ்வேறு மாதத்தில் முட்டையிடுகிறது. ராஜஸ்தானின் பரத்பூரிலும், 1960 முதல் காட்டு நாரைகள் தாமாகவே வந்து கூடு வைக்கும் டெல்லி மிருகக்காட்சிசாலையிலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கிவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு.

கூந்தன்குளத்தில் பொதுவாகத் தை மாதத்தில் கூடும் முட்டையுமாக இருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் வெள்ளைக் குஞ்சுகள் தலை காட்டும். ஏப்ரலில் பழுப்பு நிறப் பிள்ளைகள் கூட்டில் எழுந்து நிற்கும். மே, ஜூனில் பறக்கப் பழகும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் நான் மார்ச் கடைசியைச் சொல்வேன். முந்திக் கூடு கட்டியதன் பிள்ளையும் பிந்திக் கட்டியதன் பிள்ளையும் ஒரே மரத்தில் இருக்கும், எல்லா வயதையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

மழை பொய்த்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வராத வருஷத்தில் கூடே இருக்காது. புறப்படுவதற்கு முன் அந்தப் பக்கத்து ஆட்களிடமோ வனத்துறையிடமோ குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கொண்டுபோக வேண்டியவை

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். மங்கிய நிறச் சட்டை, விளிம்புள்ள தொப்பி (மரத்தடியில் எச்சம் விழும்), குடிதண்ணீர், நோட்டு, பென்சில். டிரோன் வேண்டவே வேண்டாம். பறவைக் குரலை போனில் ஒலிக்கவிடுவதும் வேண்டாம்.

படி 4: எவ்வளவு தூரம் என்பதைப் பறவையிடமே கேளுங்கள்

இத்தனை மீட்டர் என்று எல்லா இடத்துக்கும் பொதுவாக ஓர் எண் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கூந்தன்குளத்துத் தெரு நாரைக்கு மனிதர் பழக்கம். ஆள் நடமாட்டமில்லாத கண்மாயில் கூடு வைத்த நாரை, கரையில் நீங்கள் கால் வைத்ததுமே எழுந்துவிடலாம். ஆகவே தாய்ப்பறவையின் உடம்பைப் படிக்கப் பழகுங்கள்.

அடைகாத்துக்கொண்டு தளர்வாக உட்கார்ந்திருந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். கழுத்தை உயர்த்தி உங்கள் பக்கமே பார்த்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். எழுந்து நின்றால் பின்வாங்குங்கள். பக்கத்துக் கூடுகளிலும் ஒவ்வொன்றாகத் தலை உயர்கிறதென்றால் ஏற்கெனவே நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். ஒரு தாய் பறந்து போனால், காகமும் பருந்தும் அதற்காகவே காத்திருக்கும். பங்குனி வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு நிழலில்லாமல் நெடுநேரம் தாங்காது.

தெருவில் போகும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. நடந்துகொண்டே இருப்பவரை நாரை பொருட்படுத்துவதில்லை. நின்று, அண்ணாந்து, கையை நீட்டிக் காட்டுபவரைத்தான் அது உற்றுப் பார்க்கிறது. மரத்தடியில் நிற்காமல் கடந்து போய், காவல் கோபுரத்திலிருந்தோ எதிர்க்கரையிலிருந்தோ சாவகாசமாகப் பாருங்கள்.

படி 5: குஞ்சின் வயதைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் விட்டுவிடக் கூடாத பகுதி இதுதான். பைனாகுலரை ஒரே ஒரு கூட்டின் மேல் நிறுத்தி அரைமணி நேரம் அசையாமல் பாருங்கள். பத்துக் கூட்டைப் பார்ப்பதைவிட அதில் அதிகம் தெரியும்.

சங்குவளை நாரை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு முட்டை வரை இடும், அபூர்வமாக ஐந்து. தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். முதல் முட்டையிலேயே அடை தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஒரு கூட்டில் மூன்று குஞ்சு இருந்தால் மூத்தது, நடு, கடைக்குட்டி என்று படிக்கட்டுபோலத் தெரியும். மீன் நிறைந்த வருஷத்தில் மூன்றும் தேறும். குறைந்த வருஷத்தில் மூத்ததுகள் முந்திக்கொள்ள, கடைசிக் குஞ்சு நாளுக்கு நாள் ஒடுங்கிப் போகும். அதைப் பார்க்க நெஞ்சு கனக்கும். ஆனாலும் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குளத்தில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதைக் கடைக்குட்டியின் உடம்பைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

பொரித்த புதிதில் உடம்பெல்லாம் வெள்ளைத் தூவி. தலையை நிமிர்த்தி வைக்கவே சிரமப்படும். இந்தக் காலத்தில் பெற்றோரில் ஒன்று எப்போதும் கூட்டில் இருக்கும், இன்னொன்று இரை தேடப் போகும். திரும்பி வந்ததும் ஊட்டுவதைப் பாருங்கள். காக்கைபோல வாய்க்குள் வைப்பதில்லை. குனிந்து, விழுங்கி வந்த மீனைக் கூட்டின் நடுவே கக்கிவிடும். குஞ்சுகள் தாமே பொறுக்கித் தின்ன வேண்டும். வளரும் குஞ்சு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 500 முதல் 600 கிராம் இரை தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு வேளையில். மூன்று பிள்ளை இருக்கிற கூட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. ஒரு மரத்தில் எத்தனை கூடு என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள், குளம் என்ன வேலை செய்கிறது என்பது புரியும்.

பிறகு சிறகில் கறுப்பு இறகுகளின் குருத்து தெரியத் தொடங்கும். குஞ்சு முழங்கால் மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும், கூட்டுக் குச்சியை எடுத்து எடுத்து வைக்கும். ஏறக்குறைய ஒரு மாதம் ஆன பிறகு வெள்ளைத் தூவி மறைந்து பழுப்பும் சாம்பலுமான நிறம் ஏறும். பெற்றோர் இரண்டும் ஒன்றாக இரைக்குப் போகத் துணிவது அதற்குப் பிறகுதான். இந்த வயதில் ஆபத்து என்று தோன்றினால் குஞ்சு, தின்ற மீனைக் கக்கிவிட்டுக் கூட்டோடு கூடாகப் படுத்துச் செத்ததுபோலக் கிடக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் குஞ்சுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கிட்டே ஓடாதீர்கள். அது பயந்து கிடக்கிறது. பெரும்பாலும் உங்களைக் கண்டுதான்.

இரண்டு மாதம் நெருங்கும்போது கூடு குஞ்சுக்குப் போதாமல் ஆகிவிடும். காற்றுக்கு எதிரே நின்று சிறகை அடிக்கும். ஒரு சாண் எழும்பிக் கூட்டிலேயே இறங்கும். அடுத்த நாள் பக்கத்துக் கிளை. பறந்த பிறகும் சில நாள் கூட்டுக்குத் திரும்பி வந்து கரகரவென்று கேட்கும், பெற்றோரும் ஊட்டும். ரோஜா நிற இறகோ மார்புப் பட்டையோ அப்போது இருக்காது. அவை வந்து முழு நாரையாக இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

படி 6: உச்சி வெயிலிலும் ஒரு தரம் பாருங்கள்

பறவை பார்க்கிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். நாரைக் குஞ்சு பார்க்க வந்தவர் மதியம் ஒரு மணிக்கும் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் பக்கம் முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் அரைவாசி விரித்து, அந்த நிழல் குஞ்சுகள் மேல் விழும்படி பெற்றோரில் ஒன்று நின்றுகொண்டிருக்கும். வெயில் நகர நகர அதுவும் நகரும். குளத்திலிருந்து வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தும் குஞ்சுகள் மேல் வடியவிடும். குஞ்சின் கால் வெள்ளையடித்ததுபோல இருப்பதையும் பார்ப்பீர்கள். நாரைகள் தம் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூடு தணிகிறது.

ஒரு மதியம் வேப்பமரத்தைத் தாண்டி நான் நின்றிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்கள். "தம்பி, சத்தங் காட்டாம இப்படி வந்து உக்காருங்க. தாய்க்காரி கால் மாத்தாம நிக்கா, பாருங்க. காலையில இருந்து இப்படித்தான் நிக்கா." அன்றைக்கு மூன்று மணி வரை இருவரும் பேசாமல் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படி 7: கீழே விழுந்த குஞ்சைக் கண்டால்

காற்றடித்த மறுநாள் இது நடக்கும். நிதானமாக, இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் நின்று பாருங்கள். சிறகு முழுதாக முளைத்து, தன் காலில் உறுதியாக நிற்கிற பழுப்புப் பிள்ளை என்றால் பறக்கப் பழகும்போது இறங்கியிருக்கலாம். நாயை மட்டும் விரட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வெள்ளைத் தூவியோடு கிடந்தாலோ, சிறகு தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ உதவி தேவை.

அடுத்து சரணாலய ஊழியரைக் கூப்பிடுங்கள். கூந்தன்குளத்தில் விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, பறக்கும் வரை வளர்த்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வேறு ஊர் என்றால் வனச்சரக அலுவலகம்.

அவர்கள் வரும்வரை குஞ்சை வெயிலில் விடக் கூடாது. ஒரு துணியை மேலே போட்டு, சிறகு உடம்போடு சேரும்படி பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள். முகத்தைத் தள்ளியே வையுங்கள், பயந்த நாரை கண்ணைக் குறிவைத்துக் குத்தும். அலகைக் கயிற்றால் கட்டாதீர்கள். மீனைக் கக்கினால் மூச்சடைத்துவிடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாலும் சோறும் வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மரத்தில் ஏறிக் கூட்டில் வைக்க முயல வேண்டாம். ஒரு குஞ்சைக் காப்பாற்றப் போய் பத்துக் கூட்டுத் தாய்களைக் கலைத்துவிடுவோம். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பதும் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

படி 8: ஊரின் முறைக்குள் நடந்துகொள்ளுங்கள்

இந்தக் குஞ்சுகள் பிழைப்பதில் பாதி மீனால், பாதி ஊரால். நாரை வந்தால் மழையும் விளைச்சலும் உண்டு, வராத வருஷம் ஊருக்கு ஆகாது என்பது கூந்தன்குளத்து நம்பிக்கை. அதில் உழவனின் கணக்கும் கலந்திருக்கிறது. எச்சம் கரைந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம்.

வேடந்தாங்கலில் இந்தக் கணக்கு எழுத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று ஆவணம் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல்தான் சரணாலயம் என்ற பெயர் வந்தது. சட்டத்துக்கு முன்னால் ஊர் இருந்தது என்பதை அங்கே போகும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் நத்தைகுத்திகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று ஒரு குழந்தையைச் சம்மதிக்கவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரெ பெள்ளூரில் நாரையையும் கூழைக்கடாவையும் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்கிறார்கள். அசாமில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஹர்கிலா என்ற பெருநாரையை அபசகுனம் என்றும் அசிங்கம் என்றும் வெறுத்து, அது கூடு வைத்த மரத்தையே வெட்டினார்கள். உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் தாதரா முதலான ஊர்களின் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் சடங்கை நாரைக்குச் செய்தார்கள், தறியில் நாரை உருவத்தை நெய்தார்கள், குஞ்சு விழுந்தால் தாங்க மரத்தடியில் வலை கட்டினார்கள். 2022இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் விருது அவருக்குக் கிடைத்தது. மொழி வேறு, பறவை வேறு. ஆனாலும் கொக்கரெ பெள்ளூரிலும் தாதராவிலும் வளைகாப்பும் பிரசவமும் தெரிந்த பெண்கள்தான் நாரையை உறவாக்கியிருக்கிறார்கள்.

ஆகையால் நீங்களும் பிரசவ வீட்டுக்குப் போகிறவர்போலப் போங்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். கொல்லைப்புறத்து மரம் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். எச்ச நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் முன்னால் நிற்காதீர்கள். ஐந்தாறு மாதம் அதோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள்.

படி 9: எழுதிவையுங்கள், பிறகு வயல்வெளிக்கும் போங்கள்

தேதி, நேரம், மரம், கூடுகளின் எண்ணிக்கை, ஒரு கூட்டுக்கு எத்தனை குஞ்சு, தூவியா இறகா என்பதை நோட்டில் குறியுங்கள். வருஷா வருஷம் தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்து, பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிடலாம். யாருக்கும் தெரியாத புதிய இடத்தில் கூடு கண்டால் மட்டும் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம். வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

மரங்கள் ஓய்ந்த பிறகும் ஒரு பயணம் பாக்கி இருக்கிறது. தண்ணீர் வற்றிக் கணுக்கால் அளவு நிற்கிற பக்கத்துக் குளங்களைச் சுற்றிப் பாருங்கள். பெரிய நாரைகள் அலகைச் சற்றே திறந்து நீரில் வைத்தபடி, ஒரு காலால் சேற்றைக் கிளறி, அலகில் பட்ட மீனைச் சட்டென்று பிடிக்கும். அவற்றுக்கு நாலடி தள்ளி, மங்கிய அலகும் பழுப்பு முதுகுமாக மார்ச்சில் நீங்கள் பார்த்த பிள்ளைகளில் ஒன்று நிற்கும். அதுவும் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும்.